தேதி போட்ட படம்

சென்னையிலிருந்து விழுப்புரம் பேருந்தில் வருகிறீர்கள். திண்டிவனம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் குரல் கொடுப்பார்: “கூட்டேரிப்பட்டு, மயிலம் எல்லாம் முன்னாடி வாங்க!” அந்தக் குரல் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கும் ஊர் நம்முடையது. நம் ஊர்க் கூட்டுரோட்டில் இறங்கித்தான் மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் திரும்புவார்கள்.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. உங்கள் செல்போனில் எத்தனை படங்கள் இருக்கும்? ஆயிரமா, ஐயாயிரமா? பேரன் பிறந்தநாள், உறவினர் கல்யாணம், போன வருஷம் ஊட்டி, இலையில் பரிமாறிய சாப்பாடு எல்லாம் இருக்கும். அதில் நம் கூட்டுரோட்டின் படம் ஒன்றாவது இருக்கிறதா? ஏரிக்கரை? ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை? நாம் தினம் நின்று பேருந்து பிடிக்கிற நிழல்?

பெரும்பாலும் இருக்காது. தினம் பார்ப்பதை யாரும் படம் எடுப்பதில்லை. அது எங்கே போய்விடப் போகிறது என்கிற நினைப்புத்தான். ஆனால் போய்விடுகிறது. போன பிறகு, “இங்கேதானே இருந்தது” என்று சொல்ல நம்மிடம் வாய் இருக்கும், சாட்சி இருக்காது. ஒரு சாதாரணப் படம் எவ்வளவு பெரிய சாட்சி ஆக முடியும் என்பதற்கு நம் பக்கத்து ஊரான புதுச்சேரியே உதாரணம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1958-இல் எடுத்த படம், 2020-இல் வந்த சாமி

மயிலாடுதுறை மாவட்டத்தில் தரங்கம்பாடிக்கு அருகே அனந்தமங்கலம் என்று ஓர் ஊர். அங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் ராமர், லட்சுமணர், சீதை செப்புத் திருமேனிகள் இருந்தன. விஜயநகரக் காலத்து வேலைப்பாடு. 1978 நவம்பரில் அவை திருட்டுப் போயின. காவல்துறை வழக்குப் பதிந்து விசாரித்தது. சிலைகள் மட்டும் கிடைக்கவில்லை. 40 வருஷம் ஓடிவிட்டது.

2019-இல் லண்டனில் இப்படி ஒரு சிலை விற்பனைக்கு வந்திருப்பதைத் தன்னார்வலர்கள் சிலர் கவனித்தார்கள். இது எங்கள் சாமி என்று சொன்னால் போதுமா? உலகத்தில் எத்தனையோ ராமர் சிலை உண்டு. இதுதான் அது என்று எப்படி நிரூபிப்பது?

இங்கேதான் புதுச்சேரி வருகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கப்பட்டது. அங்கிருந்தவர்கள் மறு வருஷத்திலிருந்தே தமிழ்நாட்டுக் கோயில்களுக்குக் கேமராவோடு போய், சிற்பம், செப்புத் திருமேனி, தூண், கோபுரம் என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, ஊர்ப் பெயர், கோயில் பெயர், தேதி எழுதி அடுக்கி வைத்தார்கள். இன்று அந்தத் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அனந்தமங்கலத்துக்கு அவர்கள் போனது 1958 ஜூன் மாதம். அன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை லண்டன் சிலையோடு ஒப்பிட்டார்கள். ஒத்துப்போனது. அந்தச் சிலை திருட்டுச் சொத்து என்று தெரியாமல் வாங்கி வைத்திருந்தவர் தாமாகவே ஒப்படைத்தார். 2020 செப்டம்பரில் மூன்று திருமேனிகளும் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் வந்தன. பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தன.

படம் எடுத்தபோது திருட்டு நடக்கவில்லை. திருட்டு நடக்கும் என்றும் யாருக்கும் தெரியாது. எடுத்தவர்கள் அழகான படம் எடுக்க வேண்டும் என்றும் மெனக்கெடவில்லை. நேராக நின்று, தெளிவாக எடுத்து, தேதி போட்டு வைத்தார்கள். அவ்வளவுதான். 62 வருஷம் கழித்து அந்தத் தேதி வேலை செய்தது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் கதையும் இதேதான். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலர் அளவுக்கு விலை கொடுத்து வாங்கிய அந்த நடராஜரை, புதுச்சேரிப் படங்கள் அடையாளம் காட்டின. 2014-இல் நடராஜர் இந்தியா திரும்பினார். விருத்தாசலம் கோயிலிலிருந்து போன அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் அவரோடு சேர்ந்து திரும்பியது.

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். எங்கள் வழக்கில் சொன்னால், தேதியும் விவரமும் இல்லாத வவுச்சர் வெறும் காகிதம். அவை இரண்டும் இருந்தால் அது ஆவணம். படத்துக்கும் அதே கணக்குத்தான்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது

போட்டோ எடுக்கும் முறை 1839-இல் பிரான்சிலும் இங்கிலாந்திலும் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 20 வருஷத்துக்குள் அது நம் மாகாணத்துக்கு வந்துவிட்டது. 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டனைச் சென்னை மாகாண அரசு தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் 1858-இல் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார். அன்றைய கேமரா நம் செல்போன் மாதிரி இல்லை. பெரிய பெட்டி, முக்காலி, ரசாயனம், இருட்டுக் கூடாரம் எல்லாம் கூடவே வர வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த ஒரு வேலை நம் கவனத்துக்கு உரியது. விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க முடியாது. எனவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து 21 படங்கள் எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி. இன்று நாம் செல்போனில் ‘பனோரமா’ என்று விரலால் தட்டுகிறோமே, அதை 1858-இல் கையால் செய்திருக்கிறார். பிறகு மாகாண ஆளுநராக வந்த டிரெவெலியன், நிதி நிலைமைக்கு இது ஆடம்பரம் என்று சொல்லி அந்த வேலையை நிறுத்திவிட்டார். செலவைக் குறைப்பது எல்லாக் காலத்திலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கும் போல!

அரசு எடுத்தால்தான் உண்டு என்பதை மாற்றியவர்கள் சாதாரண மனிதர்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஜெரோம் ஹாரிசன் என்பவர் 1889-இல் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு வட்டாரத்திலும் கேமரா வைத்திருப்பவர்கள் தங்கள் ஊரைப் பங்கு போட்டுக்கொண்டு, பழைய வீடு, பாலம், தெரு, திருவிழா எல்லாவற்றையும் முறையாகப் படம் எடுத்துப் பொது நூலகத்தில் சேர்க்க வேண்டும் என்பது யோசனை. அவர்களுடைய வார்விக்‌ஷயர் மாவட்டத்தில் அது நடைமுறைக்கும் வந்தது. 1897-இல் பெஞ்சமின் ஸ்டோன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் நாடு முழுவதற்கும் அப்படி ஒரு சங்கம் தொடங்கினார். பல ஆயிரம் படங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. அவற்றில் உள்ள பல கட்டடங்கள் இன்று கிடையாது. படங்கள் இருக்கின்றன.

அதன் இன்றைய வடிவம் இணையத்தில் நடக்கிறது. 2010-இல் நெதர்லாந்தில் விக்கிப்பீடியா ஆர்வலர்கள் நினைவுச்சின்னங்களைப் படம் எடுத்துப் பொதுவில் வைக்கும் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். 2012-இல் இந்தியாவும் சேர்ந்தது. நம் மாவட்டத்துக் கோயில்களைப் பற்றித் தேடும்போது உங்கள் திரையில் வரும் படங்களில் பல இப்படி யாரோ ஒருவர் சம்பளம் இல்லாமல் எடுத்துக் கொடுத்தவைதான்.

நம்மைச் சுற்றி என்ன இருக்கிறது

“நம்ம ஏரியாவில் படம் எடுக்க என்ன சார் இருக்கு?” என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி. இங்கிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பக்கூடிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மயிலம். சூரபத்மன் மயில் உருவில் தவம் இருந்த மலை என்பது தலபுராணம். மலைமேல் முருகன் கோயில், கீழே பொம்மபுர ஆதீன மடம். ஆதீனம் நடத்தும் தமிழ்க் கல்லூரி, சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கியது. எத்தனையோ தமிழாசிரியர்கள் அங்கே படித்து வெளியே வந்திருக்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்கு மலை நிறையக் கூட்டம். எல்லோரும் கோபுரத்தை எடுப்பார்கள். நீங்கள் படிக்கட்டை எடுங்கள். காவடி வரும் வழியை எடுங்கள். மலையின் மேலிருந்து நம் ஊர்ப் பக்கம் திரும்பி ஒரு படம் எடுங்கள். எங்கெங்கே வயல், எங்கெங்கே மனைப்பிரிவு என்று அந்த ஒரு படம் சொல்லும். 10 வருஷம் கழித்து அதே இடத்தில் நின்று எடுத்தால் இன்னும் நன்றாகச் சொல்லும்.

மயிலம் வழியாகப் புதுச்சேரி போகும் பக்கம் பிரிந்தால் திருவக்கரை. சந்திரமௌலீசுவரர் கோயிலில் வக்கிரகாளி சன்னதி பிரசித்தம். பௌர்ணமிக்கு நம் குடியிருப்பிலிருந்தே பலர் போவீர்கள். சம்பந்தர் பாடிய தலம். சோழ அரசி செம்பியன் மாதேவி கல்லால் எடுப்பித்த கோயில்களில் இதுவும் ஒன்று. அவ்வளவு தூரம் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவையும் பார்த்துவிட்டு வாருங்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்றோடு அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. மரத்தின் நார்களுக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊறி, மரம் இருந்த இடத்தை அணு அணுவாகக் கல் பிடித்துக்கொண்டது. அதனால்தான் பட்டையும் வரியும் அப்படியே தெரிகின்றன. 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் சொன்னேரா இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இவற்றைத் தேசியச் சின்னமாகப் பாதுகாக்கிறது. அங்கே ஒரு துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. படம் எடுத்து வரலாம். பக்கத்தில் ஒரு பேனாவையோ ஸ்கேலையோ வைத்து எடுத்தால் அளவும் தெரியும்.

விழுப்புரம்–செஞ்சி சாலையில் பிரிந்து போனால் மண்டகப்பட்டு. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் இதைச் செய்தேன் என்று அவனே கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். அந்த மூன்று அறைகளும் இன்று காலியாக இருக்கின்றன. முகப்பின் இரு ஓரங்களிலும் வாயிற்காவலர் இருவர் மட்டும் 1,400 வருஷமாக டியூட்டியில் இருக்கிறார்கள். இதுபோன்ற பல்லவர் கோயில்களை எல்லாம் தேடித் திரிந்து எழுதியவர் ழுவோ துப்ராய். புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர். தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய அவருடைய நூல் 1914-இல் வெளிவந்தது.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று. ஒரு பெரிய பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட செய்தி அங்கே பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது. தமிழ் எழுத்து வரலாறு படிப்பவர்கள், ‘ஐ’ என்ற எழுத்து எப்படித் தோன்றியது என்பதற்கு இந்தக் கல்வெட்டைக் காட்டுவார்கள்.

பிறகு செஞ்சிக் கோட்டை. சிவாஜி 1677-இல் பிடித்தது. அவர் மகன் ராஜாராம் முகலாயப் படைக்கு எதிராக 1698 வரை தாக்குப்பிடித்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, 11 மகாராஷ்டிரத்தில் இருந்தன. மீதி ஒன்று நம் செஞ்சி. இனி உலகமே அதைப் படம் எடுக்கும். அதனால் நாம் செஞ்சியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நாம் எடுக்காவிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்கிற இடங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பெயர் இல்லாத அடையாளங்கள்

யுனெஸ்கோவும் தொல்லியல் துறையும் பட்டியலில் சேர்க்காத அடையாளங்கள் ஊருக்கு நூறு உண்டு. அடையாளம் என்றால் என்ன? ஒருவருக்கு வழி சொல்லும்போது நம் வாயில் வருவதுதான் அடையாளம். “அந்த ஆலமரத்தைத் தாண்டி இடது பக்கம்”, “மதகுக்கு எதிர்ல”, “பழைய ரைஸ்மில் சந்து” என்கிறோமே, அவை. மரம் போன பிறகும் பல வருஷம் “ஆலமரத்து ஸ்டாப்” என்றே சொல்கிறோம். அடுத்த தலைமுறை ஏன் அந்தப் பெயர் என்று கேட்கும்.

ஜி.எஸ்.டி. ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வழிச்சாலை ஆவதற்கு முன் இரண்டு பக்கமும் புளியமரங்கள் கைகோத்து நின்ற சாலை அது. வெயிலே படாமல் சைக்கிளில் போன தூரங்கள் உண்டு. சாலை அகலமானது நல்லதுதான். முன்பு ஆன நேரத்தில் பாதி நேரத்தில் சென்னை போகிறோம். ஆனால் அந்த மரங்களின் படம் யாரிடமாவது இருக்கிறதா? கல்யாண வேன் முன்னால் நின்று எடுத்த படத்தில் பின்னணியில் ஒரு மரம் தெரிந்தால், அதுதான் இன்று ஆதாரம்.

ரயிலும் அப்படித்தான். மயிலம் நிலையம் இருக்கும் நம் பாதைக்கு ஒரு சிறப்பு உண்டு. இந்தியாவிலேயே மீட்டர்கேஜில் மின்சார ரயில் ஓடிய ஒரே தடம் சென்னைக் கடற்கரையிலிருந்து விழுப்புரம் வரைதான். தாம்பரத்துக்குத் தெற்கே 1960-களில் மின்கம்பி வந்தது. ஜப்பானில் செய்த சின்ன மின்சார எஞ்சின்கள் ஓடின. அகலப்பாதை வந்ததும் அந்த எஞ்சின்களுக்கு வேறு எங்கேயும் வேலை இல்லை, ஏனென்றால் வேறு எங்கேயும் அப்படி ஒரு தடம் இல்லை. 2004-இல் சென்னையின் கடைசி மீட்டர்கேஜ் மின்ரயிலும் நின்றது. தினம் அந்த வண்டியில் போய் வந்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அந்த வண்டியோடு எடுத்த படம் வீட்டில் இருந்தால், தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள். இனி யாராலும் எடுக்க முடியாத படம் அது.

ஏரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் ஊர்ப் பெயரைப் பிரித்தால் நடுவிலேயே ஏரி இருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்க ஏரிப்பாசனம் செய்த நாடு இது. கரை, மதகு, கலிங்கு, வரத்து வாய்க்கால் ஒவ்வொன்றும் ஒரு கட்டுமானம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. டிசம்பர் 1 காலை வரையான 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. பல ஊர்களில் ஒரு வருஷத்துக்கே அதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் பெய்யும். அன்று பலரும் வீடியோ எடுத்தோம். எந்தத் தெரு, எந்தச் சுவர், எவ்வளவு உயரம் வரை தண்ணீர் நின்றது என்று குறித்து வைத்தவர்கள் எத்தனை பேர்? அடுத்த மழைக்கு முன் வடிகால் வேண்டும் என்று மனு எழுதும்போது, “நிறையத் தண்ணி வந்தது சார்” என்பதைவிட, தேதியும் இடமும் எழுதிய ஒரு படம் அதிகம் பேசும். வெயில் காலத்தில் வாய்க்காலின் அகலத்தைக் காட்டும் படமும் சேர்ந்தால், பின்னாளில் அந்த வாய்க்கால் சுருங்கினால் கேட்க ஆதாரம் இருக்கும்.

ஆக, இது வயதானவர்களின் பழங்கதை ஆசை இல்லை. நாளைக்கு நமக்கே தேவைப்படும் ஆவணம்.

எப்படி எடுப்பது

விலை உயர்ந்த கேமரா வேண்டாம். கையில் இருக்கும் செல்போன் போதும். சில பழக்கங்கள் மட்டும் வேண்டும்.

1. முதலில் தூரத்தில் நின்று ஒரு படம். சுற்றுப்புறம், சாலை, பக்கத்துக் கட்டடம் எல்லாம் தெரிய வேண்டும். பிறகு நடுத்தூரத்தில் ஒன்று. கடைசியில் நெருங்கி விவரம் தெரியும்படி ஒன்று. ஓர் இடத்துக்கு மூன்று படம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. கட்டடத்துக்கு நேர் எதிரே நின்று, போனைச் சாய்க்காமல் எடுங்கள். சாய்த்து எடுத்தால் கோபுரம் பின்னால் விழுவது போல் தெரியும்.

3. கல்வெட்டு, சிற்பம் என்றால் காலை அல்லது மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் நல்லது. பள்ளமான எழுத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எழுத்து மறைந்துவிடும். எழுத்துத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தடவாதீர்கள்.

4. அன்று இரவே குறிப்பு எழுதிவிடுங்கள். இடம், எதைக் காட்டுகிறது, எந்தத் திசை பார்த்து எடுத்தது, தேதி, எடுத்தவர் பெயர். இந்த ஐந்தும் போதும். “மயிலம் மலைப்படி, அடிவாரத்திலிருந்து மேற்கு நோக்கி” என்கிற மாதிரி ஒரே வரி. நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் எழுத மாட்டோம்.

5. போனில் எடுக்கும் படத்துக்குள்ளேயே தேதி, நேரம் பதிவாகும். லொகேஷனை ஆன் செய்திருந்தால் இடமும் பதிவாகும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்குகிறது, இந்த விவரங்களும் போய்விடுகின்றன. எனவே ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள்.

6. ஒரே இடத்தில் வைக்காதீர்கள். போன் தொலைந்தால் எல்லாம் போச்சு. கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி. முக்கியமான 10 படங்களையாவது ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு, பின்னால் பென்சிலால் விவரம் எழுதி வையுங்கள்.

7. வருஷத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் நின்று அதே படத்தை மறுபடி எடுங்கள். மாற்றத்தைக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

சட்டமும் மரியாதையும்

“யாராவது கேட்டால் என்ன சொல்வது?” என்று தயங்குபவர்கள் உண்டு. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கட்டடங்களையும் பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிலைகளையும் படம் எடுப்பதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. அதற்காக எங்கேயும் நுழைந்து எடுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உத்தரவிட்டது. எனவே கோயில் என்றால் கோபுரம், மதில், குளம், தேரடி, தேர் ஓடும் வீதி என்று வெளியே எடுங்கள். உள்ளே எடுக்க அவசியம் இருந்தால் நிர்வாகத்திடம் முறையாக எழுதிக் கேளுங்கள். ரயில் நிலையத்திலும் நிலைய அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் பெயர் கிறுக்கினால், சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிள்ளைகளை அழைத்துப் போகும்போது இதைச் சொல்லி அழைத்துப் போங்கள்.

மனிதர்களை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். டீக்கடைக்காரர், பூக்கட்டும் அம்மா, நுங்கு விற்பவர் எல்லாரும் இந்தக் கூட்டுரோட்டின் அடையாளம்தான். ஆனால் அவர்கள் காட்சிப் பொருள் இல்லை. எடுத்த படத்தில் ஒரு பிரதியை அவர்களுக்குக் கொடுங்கள். அடுத்த முறை அவர்களே கூப்பிட்டுப் பழைய கதை சொல்வார்கள். அதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

என் கோரிக்கை

அடுத்த காலாண்டு இதழ் வருவதற்குள் வீட்டுக்கு ஐந்து படம் என்று கேட்கிறேன். கூட்டுரோடு, ஏரிக்கரை, ரயில் நிலையத்தின் முன்புறம், மயிலம் மலை, நம் குடியிருப்பு மொட்டை மாடியிலிருந்து நான்கு திசை. முதல் நான்கும் எல்லோரும் எடுப்பார்கள். பரவாயில்லை, ஒரே இடத்தை நாலு பேர் எடுத்தால் நாலு தேதி கிடைக்கும். மொட்டை மாடிப் படத்தை மட்டும் மறக்காதீர்கள். இன்று நம்மைச் சுற்றித் தெரியும் காலி மனையும் வயலும் தோப்பும் நாளைக்கு அப்படியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

வீட்டில் பழைய ஆல்பம் இருப்பவர்கள் இன்னொரு உதவி செய்யலாம். மனிதர்களைப் பார்க்காமல் பின்னணியைப் பாருங்கள். ஒரு கடைப் பலகை, ஒரு மரம், ஒரு மைல்கல், பழைய பஸ் ஸ்டாண்ட் ஏதாவது தெரியும். வருஷம் நினைவிருக்கும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அம்மாவும் மாமியாரும், “அது உன் சித்தப்பா கல்யாணத்துக்கு முந்தின தை மாசம்” என்று நொடியில் சொல்வார்கள். அந்த நினைவுக்குப் பிரதி கிடையாது.

சங்க அலுவலகக் கம்ப்யூட்டரில் இதற்கென்று தனி ஃபோல்டர் போட்டு, வருஷ வாரியாக அடுக்கி வைக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கணக்குப் புத்தகம் எழுதிய கைக்கு அது புதிதில்லை. கோடை விடுமுறையில் இரண்டு பிள்ளைகள் உதவிக்கு வந்தால் போதும். படத்தோடு ஐந்து விவரமும் இருக்கட்டும். விவரம் இல்லாமல் வரும் படத்தைத் திருப்பி அனுப்புவேன். கோபித்துக்கொள்ளாமல் எழுதி மறுபடி கொடுங்கள்.